பிடி விட்ட செல்

"எவனோ ஒருத்தன் என் எலிக்கூண்டுல கை வெச்சிருக்கான் மேடம். அவன் மட்டும் சிக்கட்டும், இருக்கு!"

கொம்பையா கதவைத் தள்ளிய வேகத்தில் சுவர்க் காலண்டர் ஆடியது.

ருக்கையா மேடம் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குடலில் பிறந்த புற்று எப்படிக் கல்லீரலுக்குக் குடிபோகிறது என்பதைப் பன்னிரண்டு வருஷமாக விடாமல் துரத்துகிறவர். கொம்பையாவுக்கு அவர்தான் வழிகாட்டி. வயதில் எட்டு சின்னவர். நாற்பத்தாறு வயதில் ஆராய்ச்சிக்கு வந்த மாணவரை எல்லாரையும் போல அவரும் அண்ணாச்சி என்றே கூப்பிடுவார்.

"என்ன ஆச்சு அண்ணாச்சி?"

"ஏழாம் நம்பர் மருந்து போட்ட எலிக்குக் குடல்ல கட்டி சுருங்கியிருக்கு. சந்தோசம். கல்லீரலைத் திறந்தா, கடுகு வெடிச்ச மாதிரி அங்கங்க தெறிச்சுக் கிடக்கு! மருந்தே போடாத எலிக்குக் கல்லீரல் சுத்தம். கூண்டை மாத்தி வெச்சுட்டான் மேடம்."

"கூண்டு மாறியிருந்தா கட்டி எப்படிச் சுருங்கும்?"

"பாதி எலியை மாத்தியிருப்பான். லேசுப்பட்டவன் இல்ல."

சந்தையில் ஆட்டுத் தரகு பார்த்துக்கொண்டே மாலைக் கல்லூரியில் படித்தவர் கொம்பையா. ஏமாந்து ஏமாந்து தேறியவர். எதிரே ஒருத்தன் ஏமாற்றுகிறான் என்பதில் தொடங்கித்தான் அவருக்கு எந்த யோசனையும் ஓடும்.

"நாளைக் கழிச்சு மறுநா வெள்ளிக்கிழமை. டாக்டருங்க கூடுதாங்க. என் கையெழுத்துப் போட்ட அறிக்கை அவங்க மேசையில இருக்கு. சரின்னுட்டா முதல் மருந்து லூர்தம்மாளுக்கு. தினமும் கேக்கா, எனக்கு எப்பண்ணாச்சின்னு. அந்த ஆளைப் பிடிச்சு, கெடுத்ததைச் சரி பண்ணச் சொல்லுங்க."

லூர்தம்மாள் வார்டில் மூன்றாம் கட்டில். குடல் கட்டியை வெட்டியாயிற்று. கல்லீரல் இன்னும் சுத்தம். கொம்பையாவின் தட்டில் வளர்வது அவள் கட்டியிலிருந்து எடுத்த செல்கள்தான்.

"தட்டுல மருந்து என்ன பண்ணுச்சு?" மேடம் கேட்டார்.

"கொன்னுச்சு. நூத்துக்கு எண்பது காலி."

"செத்துச்சுன்னு எப்படித் தெரியும்?"

கொம்பையாவுக்குச் சுருக்கென்றது. "என்ன மேடம், பால்வாடிப் பிள்ளைகிட்ட கேக்க மாதிரி கேக்கீங்க? உயிருள்ள செல் தட்டோட அடியைப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கும். செத்தது கழண்டு மிதக்கும்."

"மிதந்ததை என்ன செஞ்சீங்க?"

"உறிஞ்சிக் கொட்டிட்டு, செல்லுக்குத் தீனியா புது மீடியா ஊத்தினேன். செத்த செல்லை வெச்சு ஊறுகாயா போட முடியும்?"

மேடம் சிரித்துவிட்டார்.

"இன்னைக்கு மட்டும் கொட்டாதீங்க. கொண்டாங்க."

மிதந்தவற்றைப் பிப்பெட்டில் எடுத்தார். சுழற்றி அடியில் படியவைத்தார். அதில் ஒரு துளியோடு நீலச் சாயம் ஒரு துளி கலந்தார். செத்த செல்லின் தோல் ஓட்டையாகியிருக்கும், நீலம் உள்ளே இறங்கிவிடும். உயிருள்ளது நீலத்தை வாசலிலேயே நிறுத்திவிடும். கொம்பையாவுக்கும் இது தெரியும். கொட்டப்போகிறதற்குப் போய் யார் சாயம் போடுவார்கள்?

"பாருங்க."

பார்த்தார். நீலம் இரண்டோ மூன்றோ. மற்றதெல்லாம் உருண்டையாக, பளிச்சென்று.

"சாயம் கெட்டுப்போச்சு மேடம்."

மேடம் இன்னொரு துளி செல்லை எடுத்து ஸ்பிரிட்டில் கொன்றார். அதே சாயத்தை விட்டார். அத்தனையும் நீலம்.

மிச்சத்தை மருந்தில்லாத புதுத் தட்டில் ஊற்றினார். மூடியில் எழுதினார்: 'அண்ணாச்சி கொட்ட இருந்தது.'

வியாழக்கிழமை மத்தியானம் மேடம் அந்தத் தட்டுக்குப் பச்சையாக ஒளிரும் சாயம் ஏற்றிவைத்திருந்தார். கொம்பையா குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

மிதந்தவை அடியில் இறங்கியிருந்தன. ஒன்றையொன்று இறுகப் பிடித்துக் கூட்டம் கூட்டமாகக் குடியேறியிருந்தன. ஒவ்வொன்றையும் சுற்றிப் பச்சைக் கோடு, வயலுக்கு வரப்பு போட்டது மாதிரி.

"அடேயப்பா."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் யாரும் கேட்டதில்லை. மாட்டுச்சந்தை ஆட்டுச்சந்தை எதிலும், பிடித்ததை வெளியே காட்டாத மனுஷன்.

"ஆனா மேடம், பிடி விட்ட செல் தன்னைத்தானே முடிச்சுக்கணும். அதுதானே உடம்போட சட்டம்? இது எப்படி?"

"சந்தையில துண்டுக்கடியில கை போட்டு, விரலைப் பிடிச்சு விலை பேசுவீங்களே. படியலைன்னா?"

"கையை உருவிட்டு வந்துருவேன்."

"உருவினதும் செத்தா போனீங்க?"

"எதுக்குச் சாகணும்? அடுத்த ஆளு துண்டுக்குள்ள கையை..."

நிறுத்திக்கொண்டார்.

செல்லைச் செல்லோடு கோத்துவைக்கும் புரதத்துக்குக் கேட்ஹெரின் என்று பெயர். பச்சைக் கோடெல்லாம் அதுதான். மருந்து அந்தப் புரதத்தின் ஜீனை வாயடைத்திருந்தது. செல் சாகவில்லை, பக்கத்துச் செல்லிடமிருந்து கையை உருவிக்கொண்டு தட்டின் அடியையும் விட்டது. சட்டத்தை மறந்த செல், தனியே மிதந்தும் பிழைத்தது. மருந்தில்லாத இடம் வந்ததும் ஜீன் வாய் திறந்தது, செல் மறுபடி கை போட்டது.

"கல்லீரல் எந்த மருந்தையும் சிதைச்சிருமே மேடம்," என்றார் கொம்பையா மெதுவாக. "அப்போ அங்க..."

"மருந்தில்லாத தட்டு."

கொம்பையா ஸ்டூலில் உட்கார்ந்தார். மறுபடி எழுந்து ஒரு தரம் குனிந்து பார்த்தார்.

"இத்தனை வருஷத்துல இப்படி ஒரு கெட்டிக்காரன்கிட்ட நான் பேரம் பேசினதில்ல மேடம். கண்ணுக்குத் தெரியாத சைசு. தூக்கிப்போட்டாலும் போற இடத்துல கடை விரிக்கான்."

"ம்."

"நான் தினமும் அவனைத் தூக்கிக் கொட்டிட்டு, ஜெயிச்சேன்னு எழுதியிருக்கேன்."

மேடம் தட்டை மூடினார். கையுறையைக் கழற்றினார்.

"மூணாம் கட்டில்ல இன்னைக்கும் கேட்டா மேடம். எனக்கு எப்பண்ணாச்சின்னு."

"அன்னைக்கு ஒரு ஆளைப் பிடிக்கணும்னு வந்தீங்களே அண்ணாச்சி," என்றார் மேடம். "அவரைப் பார்த்தா நான் சொன்னதாச் சொல்லுங்க. விடியறதுக்குள்ள டாக்டருங்க மேசைக்குப் போய் அந்தக் கையெழுத்தை அவர் கையாலயே அடிக்கணும். அப்புறம் இங்க வந்து, கொட்டினதையெல்லாம் முதல்ல இருந்து எண்ணணும்."