புழுக்கத்துக்கு ஏணி வைத்த ஊர்

ஊமத்தம்பட்டிக்குள் பஸ் வராது. முன்பு வந்துகொண்டுதான் இருந்தது. வீடு தேடி வந்ததை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். அதனால் பஸ் நின்றதும் கழுநீர்த் தொட்டியைத் தூக்கிவந்து அதன் மூஞ்சிக்கு முன்னால் வைத்துவிட்டு, குடித்து முடிக்கிற வரைக்கும் நகரவிட மாட்டார்கள். டிரைவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "கூச்சப்படுது. நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க" என்றார்கள். அதற்கப்புறம் பஸ் மெயின் ரோட்டோடு போய்விடுகிறது.

இன்னொரு வழக்கமும் உண்டு. யார் கிளம்பினாலும் "போயிட்டு வாங்க" என்றுதான் சொல்லுவார்கள். வெறும் "போ" அந்த ஊரில் யார் வாயிலும் வந்தது கிடையாது.

அந்த ஊரில் ரொம்ப வருஷம் கழித்து ஒரு பிள்ளை பிறந்தது, சின்னாண்டிக்கும் பவளக்கொடிக்கும். ஊரே முறை வைத்துத் தொட்டில் ஆட்டியது. பிள்ளை சிரித்தால் அன்றைக்கு யாரும் வேலைக்குப் போக மாட்டார்கள். சித்திரை பிறந்ததும் சிரிப்பு நின்றுபோச்சு. ஓட்டு வீடு, உள்ளே அடுப்பு மாதிரி. கழுத்தெல்லாம் வேர்க்குரு. அழுது அழுது பிள்ளைக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

பவளக்கொடி அதிகம் பேசாதவள். அன்று காலையில் பேசினாள்.

"பொழுது சாயறதுக்குள்ள இந்த வீடு குளிரலைன்னா, பிள்ளையத் தூக்கிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன். மலை மேல ஜில்லுன்னு இருக்கும்."

"மலை மேலயா?" என்றார் ஊர்ப் பெரியவர் சன்னாசி. "சூரியனுக்குக் கிட்டக்கப் போனா எப்படித் தாயி குளிரும்? சுடத்தானே செய்யும்?"

"குளிருது மாமா" என்றாள்.

நல்லவேளை, பிள்ளைக்கு ஊசி போட நர்சம்மா வந்தார். அவரிடம் கேட்டார்கள்.

"மேல போகப் போகக் காத்து கம்மி. அது சூட்டைப் பிடிச்சு வைக்காது" என்றார் நர்சம்மா. "இங்க வீட்டுக்குள்ள சூடான காத்து அடைஞ்சு கிடக்கு. சூடான காத்து லேசு, மேலதான் போகும். கூரையில ஒரு வழி விடுங்க. குளிர்ந்த காத்து கனம், அது கீழ் வழியா உள்ள வரும்."

"போயிட்டு வாங்க" என்று அவரை அனுப்பிவிட்டு, எல்லோரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"மேல போகும்னாங்க. எதைப் பிடிச்சுப் போகும்?" என்றார் சன்னாசி.

"ஏணி இல்லாம நானே ஏற மாட்டேன்" என்றான் கொத்தனார் மொக்கையன். "காத்துக்குக் காலே கிடையாது. பாவம், வழி தெரியாமதான் இத்தனை நாளும் உள்ளயே கிடந்திருக்கு."

தொட்டிலுக்கு நேர் மேலே கூரை ஓடுகளைப் பிரித்தார்கள். ஏணியைக் கொண்டுவந்து அந்த ஓட்டையில் சாத்தினார்கள். மொக்கையன் கூரையில் ஏறி உட்கார்ந்தான். கீழே இருந்தவர்கள் காற்று கூச்சப்படக் கூடாதென்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள்.

மொக்கையன் ஓட்டைக்கு மேலே கையை நீட்டினான். வெதுவெதுவென்று பட்டது.

"ஏறி வருது சித்தப்பா. போய்க்கிட்டே இருக்கு."

கீழே எல்லோரும் கைகூப்பி, "போயிட்டு வாங்க" என்றார்கள்.

அடுத்தது குளிர்ந்த காற்று.

"அது கனம்னாங்கள்ல? அவ்வளவு கனத்தைத் தானாத் தூக்கிக்கிட்டு எப்படி வரும்?" என்றான் சின்னாண்டி. பிள்ளையைப் பெற்றவனாச்சே, அவனுக்குத்தான் அக்கறை அதிகம். வேப்பமரத்து நிழலில் சாக்கை விரித்துப் பிடித்துக் குளிர்ந்த காற்றை அள்ளினான். சாக்கின் வாயைச் சணலால் கட்டி, முதுகு வளையச் சுமந்துவந்து வீட்டுக்குள் கொட்டினான்.

"கனமாடா?" என்றார் சன்னாசி.

"ஒண்ணும் தெரியல சித்தப்பா. கொஞ்ச நாளா நல்லாச் சாப்பிடுறேன்."

இப்படிக் கொட்டிக்கொண்டே இருந்தான். உச்சிப்பொழுதானது. பிரித்த ஓட்டை வழியாக வெயில் நேராக இறங்கித் தொட்டிலில் விழுந்தது. பிள்ளை வீறிட்டது. பவளக்கொடி ஓடிவந்து தூக்கிக்கொண்டு, துணிமணியை எடுத்து மூட்டை கட்ட ஆரம்பித்தாள்.

கூரையிலிருந்து இறங்கிவந்த மொக்கையன் அந்த வெயிலில் கையை வைத்துப் பார்த்தான்.

"மேல போனவரு திரும்ப வந்துட்டாரு" என்றான் மொக்கையன் மெதுவாக.

"வராம? நாமதானே போயிட்டு வாங்கன்னோம்" என்றார் சன்னாசி.

"இவ்வளவு சீக்கிரமாவா?"

"ஏணி வச்சிருக்கோம்ல."

வராதே என்று சொன்னால்தான் போகும். யார் சொல்வது?

"எங்கய்யாவைச் சுடுகாட்டுல வச்சப்பவே நான் போயிட்டு வாங்கன்னுதான் சொன்னேன்" என்றார் சன்னாசி. "எனக்கு அந்த வாய் வராதுப்பா."

யாருக்குமே வரவில்லை. வந்ததுதான் வந்தாச்சு, சூட்டை வெறுமனே நிற்க வைக்கலாமா என்று சின்னாண்டி ஒரு செம்பில் விளிம்பு வரை தண்ணீர் மொண்டு வாசற்படியில் வெயிலில் வைத்தான்.

பொழுது சாய்ந்தது. வீடு குளிரவில்லை. பவளக்கொடி மூட்டையை இடுப்பிலும் பிள்ளையைத் தோளிலும் போட்டுக்கொண்டு படி இறங்கினாள்.

"போறேன்" என்றாள்.

"வரேன்னு சொல்லு தாயி" என்றார் சன்னாசி. அவள் நடையைக் கட்டினாள். சின்னாண்டி வெறுஞ்சாக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான்.

வேப்பமரத்தடிக்குப் போனவள் அங்கேயே நின்றாள். கிளை அசைந்தது. ஈரத்துணியால் தொட்ட மாதிரி காற்று வந்தது. தோளில் பிள்ளையின் தலை சாய்ந்தது. தூங்கிவிட்டது. ஓர் அடி எடுத்து வைத்தால் முழித்துவிடும். மெள்ள மூட்டையை இறக்கினாள். அதிலிருந்த சேலையை எடுத்துக் கிளையில் தொட்டில் கட்டினாள். பிள்ளையைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இங்கயே இருக்கேன்" என்றாள், தலையைக் குனிந்துகொண்டே.

ஊருக்கு உயிர் வந்தது. ஆனால் காரணம் புரியவில்லை. சின்னாண்டிதான் செம்பைப் பார்த்தான். விளிம்பு வரை இருந்த தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"குடிச்சிருக்காரு சித்தப்பா."

எல்லோரும் செம்பைச் சுற்றி நின்றார்கள்.

"இவ்வளவு தாகத்தை வச்சுக்கிட்டுத்தான் அந்த மனுசன் நம்ம வீட்டுக்குள்ள கிடந்து தவிச்சிருக்காரு" என்றார் சன்னாசி. "ஒரு வாய் தண்ணி குடுத்ததும் பிள்ளைய விட்டுட்டாரு பாரு. வெறும் தண்ணியோட விட்டா நாளைக்கு ஊர் பேசும். இலை போடுவோம்."

மறுநாள் காலையிலேயே வாசற்படியில் தலைவாழை இலை விரித்து, சோறு, பருப்பு, அவரைக்காய்ப் பொரியல் எல்லாம் பரிமாறினார்கள். செம்பில் மோர். பார்த்துக்கொண்டு நின்றால் கூச்சப்படும் என்று வழக்கம்போலச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பவளக்கொடி வேப்பமரத்தடியில் தொட்டிலை ஆட்டிக்கொண்டு, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

உச்சி வெயில் தாழ்ந்ததும் திரும்பினார்கள். இலையில் ஒரு பருக்கைகூட இல்லை. வேப்பமரத்துக் காக்கைகள் அலகைத் துடைத்துக்கொண்டிருந்தன. வெயிலில் காய்ந்த இலை சுருண்டு மூடிக் கிடந்தது.

மொக்கையன் குனிந்து பார்த்தான்.

"சாப்பிட்டுட்டு இலைய மூடி வச்சுட்டுப் போயிருக்காரு சித்தப்பா."

"எந்தப் பக்கமா மூடியிருக்காரு? உள்பக்கமாவா, வெளிப்பக்கமாவா?"

"உள்பக்கமாத்தான்."

சன்னாசிக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப மனசு நிறைஞ்சுதான் போயிருக்காரு. நாளைக்கும் வருவாரு" என்றார். "சின்னாண்டி, அந்த ஏணிய எடுத்துராத. நாளைக்குப் பாயாசமும் சேத்து வை."