முயல் நகத்துச் சிவப்பு

அந்தக் காலத்தில் ஆடு பேசும், முயல் பேசும், காலடி மண்கூடப் பேசும். எல்லாரும் பேசினார்கள் என்பதற்காக எல்லாரும் கேட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இன்றைக்கு நம் வீடுகளில் நடப்பதுதான் அன்றைக்கும் நடந்தது.

ஒரு கரட்டுக் குன்றின் அடியில் மூக்காயி என்று ஒருத்தி பட்டி போட்டு ஆடு வளர்த்துவந்தாள். தனி ஆள். அறுபது ஆட்டுக்கும் மேய்ச்சல், தண்ணீர், வைத்தியம் எல்லாம் அவள் ஒருத்திதான். அதிலும் குளம்பு சீவுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. குளம்பு வளர்ந்து மடங்கி நொண்டுகிற ஆட்டைப் பிடித்து, முழங்காலுக்கு நடுவே இடுக்கி, கத்தியால் நாலு இழுப்பு இழுத்தால் போதும். ஆடு புதுக் காலோடு எழுந்து ஓடும்.

ஆனால் ஆடுகள் லேசுப்பட்டவையா? கத்தியைக் கண்டதுமே ஆரம்பித்துவிடும். "ஐயோ, கொல்றாளே! காலு போச்சே! இதைக் கேக்க நாதியில்லையா!" கத்தி இன்னும் மேலேயே பட்டிருக்காது. முதல் வருஷம் மூக்காயி பதறிப்போய்க் கையை எடுத்தாள். அப்புறம் பழகிவிட்டது. "கத்துறதுக்கெல்லாம் கையை எடுத்தா வேலை ஆகுமா?" என்று சொல்லிக்கொண்டே சீவி முடித்துவிடுவாள். அவளையும் குற்றம் சொல்ல முடியாது. அறுபது ஆட்டின் பொய்யை நாள் தவறாமல் கேட்ட காது அது.

அவள் வீட்டில் ஒரு முயலும் இருந்தது. பூளைப்பூ மாதிரி வெள்ளையாக இருந்ததால் பூளை என்று பெயர். ஒரு மழைநாளில் நனைந்து நடுங்கிக்கொண்டு வாசலுக்கு வந்ததை மூக்காயி உள்ளே தூக்கிக்கொண்டாள். அன்றிலிருந்து கம்பளியில் படுக்கை, கையில் அருகம்புல், ஒரே செல்லம்தான். பகலெல்லாம் ஆடுகளோடு தொண்டை கிழியக் கத்திவிட்டு வருகிறவளிடம், "வெயில் சாஸ்தியாக்கா? கொஞ்சம் உக்காரேன்" என்று பூளை மெல்லச் சொல்லும். அவளிடம் அப்படிச் சொல்ல அதைவிட்டால் வேறு யாரும் இல்லை.

ஆனால் வீட்டுச் சுகம் பூளையின் காலில் தெரிந்தது. சாணி மெழுகிய தரையில் நகம் தேய எங்கே வழி? வளர்ந்து, வளைந்து, கம்பளியில் மாட்டிக்கொண்டு, நடக்கும்போது விரலையே ஒரு பக்கமாகத் தள்ளியது. இந்த லட்சணத்தில், வேலிப்பக்கம் வந்துபோன ஆண் முயல் ஒன்றின் புண்ணியத்தில் பூளை சினையாகவும் ஆகிவிட்டது.

ஒரு நாள் காலையில் மூக்காயி கேழ்வரகு அரைத்துக்கொண்டிருந்தபோது பூளை அவள் மடியருகே வந்தது.

"அக்கா, இன்னும் மூணு நாள்ல குட்டி போட்டுருவேன். வளை தோண்டணும். இந்த நகத்தை வச்சுக்கிட்டு ஒரு பிடி மண்ணுகூட எடுக்க முடியல."

"வீட்டுலயே போடேன்டி. கம்பளி இருக்கு, நான் இருக்கேன்."

"எங்க சாதி மண்ணுக்குள்ளதான் பெறும். கொஞ்சம் நறுக்கி மட்டும் விடு."

"இவ்வளவுதானா? இந்தா, இப்பவே!" மூக்காயி சிரித்துக்கொண்டே கத்தியை எடுத்தாள். பூளையைத் தூக்கி, ஆட்டைப் போலவே முழங்காலுக்கு நடுவே வைத்து, வலது முன்காலைப் பிடித்தாள்.

அந்த நாளில் முயல் நகம் கொம்பு மாதிரிக் கெட்டியாக, ஒரே நிறமாக இருக்கும். உயிர் எதுவரை ஓடுகிறது என்று வெளியே தெரியாது. ஆட்டுக்குளம்பில் மடிந்ததையெல்லாம் அடிவரை சீவுவதுதான் நல்ல வேலை. மூக்காயிக்குத் தெரிந்த நல்ல வேலை அதுதான்.

"போதும்க்கா" என்றது பூளை.

"கம்முனு இரு. இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

"அக்கா, வலிக்குது. போதும்."

"கத்துறதுக்கெல்லாம் கையை எடுத்தா வேலை ஆகுமா?" வாய் தானாகச் சொன்னது. கை தானாக இழுத்தது. ஐந்து நகமும் அடியோடு போயிற்று.

மடியில் சூடாக ஏதோ பட்டபோதுதான் அவள் குனிந்து பார்த்தாள். சேலையெல்லாம் ரத்தம். ஆட்டுக்குளம்பில் அவள் ஒருநாளும் பார்க்காத அளவு ரத்தம். வேறொன்றும் தோன்றாமல், பக்கத்தில் கிடந்த கேழ்வரகு மாவை அள்ளி நகத்தில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நெடுநேரம் கழித்து நின்றது.

"ஏன்டி, உரக்கக் கத்தக்கூடாதா?" என்று அழுதாள்.

"சொன்னேனேக்கா" என்றது பூளை.

மூன்றாம் நாள் விடியும்போது பூளை படுக்கையில் இல்லை. வேலியோரம் போய்ப் பார்த்தால், அந்தக் காலை வைத்துக்கொண்டே அது மண்ணைப் பறித்திருக்கிறது. மாவெல்லாம் உதிர்ந்து நகம் மறுபடி பிளந்து, பள்ளம் முழுக்க ரத்தம். பள்ளம் என்றா சொன்னேன்? ஒரு சாண் ஆழம்கூட இல்லை. அதற்குள் நாலு குட்டிகள். கண் திறக்காமல், மயிர் முளைக்காமல், விரல் நீளத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. பூளை தன் வயிற்று மயிரைப் பிடுங்கி அவற்றின் மேல் போர்த்தியிருந்தது.

மூக்காயி ஓடிப்போய், கோழி அடைக்கிற பஞ்சாரக் கூடையைக் கொண்டுவந்து தாயையும் குட்டிகளையும் சேர்த்து மூடிக் கவிழ்த்து, மேலே கல்லைத் தூக்கி வைத்தாள். காக்கை வராது, பருந்து வராது. பட்டியில் அறுபது ஆடும், "பசிக்குதே! செத்தோமே! எங்களை மறந்துட்டாளே!" என்று ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தன.

"அக்கா, இன்னைக்கு ஒரு நாள் போகாதியேன்" என்றது பூளை, கூடைக்குள்ளிருந்து.

"உச்சிக்குள்ள வந்துருவேன்டி, கண்ணு. ஒண்ணும் ஆகாது."

மேலிருந்து வருவதற்கெல்லாம் அவள் காவல் வைத்துவிட்டாள். தரையோடு வருவதை நினைக்கவில்லை.

உச்சிக்கு அவள் திரும்பி வந்தபோது ரத்த வாடைக்குச் செவ்வெறும்புகள் சாரை பிடித்துக் கூடைக்குள் போய்க்கொண்டிருந்தன. கல்லைத் தள்ளிக் கூடையைத் தூக்கினாள். பூளை ஒவ்வொரு எறும்பாக வாயால் கவ்வி எடுத்துக்கொண்டிருந்தது. அதன் உதடெல்லாம் வீங்கியிருந்தது. எடுத்துப் பயன் இல்லை. நாலு குட்டியும் எப்போதோ அடங்கிவிட்டன.

"கூப்பிட்டேன்க்கா" என்றது. தொண்டை கம்மியிருந்தது. "கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன்."

மூக்காயி தலையில் அடித்துக்கொண்டாள். பாவி, பாவி என்று தன்னைத்தானே ஏசினாள். அப்புறம் குளம்பு சீவுகிற அதே கத்தியால் குழி தோண்டி, நாலையும் உள்ளே வைத்து மூடினாள். வளை மட்டும் அன்றைக்கு நல்ல ஆழமாக அமைந்தது.

பூளை அந்தப் புதுமண்ணில் முகத்தை வைத்துக்கொண்டு பேசியது. "மண்ணாத்தா, எங்க நகத்துல உயிர் எதுவரைக்கும் இருக்குன்னு பாக்குறவங்க கண்ணுக்குத் தெரியும்படி செஞ்சுரு. இனி ஒருத்திக்கும் இப்படி ஆகக்கூடாது."

"எங்கிட்டச் சும்மா எதுவும் முளைக்காது" என்றது மண். "ஒண்ணைப் போட்டாத்தான் ஒண்ணு வரும்."

"நாலைப் போட்டிருக்கேனே!"

"அது நீயா மனசு வந்து போட்டது இல்லையே, தாயி."

பூளை மண்ணிலிருந்து முகத்தை நிமிர்த்தியது. "அப்ப என் குரலை எடுத்துக்க."

"ஐயோ, வேண்டாம்டி!" மூக்காயி பாய்ந்து அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். "என்னை ஏசுறதுக்காவது வச்சுக்க. தினம் தினம் ஏசு, நான் கேட்டுக்கிறேன். பேசாம மட்டும் இருந்துராத."

"சொல்லிச் சொல்லிப் பாத்தாச்சுக்கா" என்றது பூளை. "கேக்காதவங்க, பாத்தாவது நிறுத்துவாங்க."

அதுதான் அது பேசிய கடைசிப் பேச்சு.

மூக்காயி அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது, மூக்கு துடித்தது, சத்தம் வரவில்லை. பிறகு பூளை தன் இடது முன்காலை அவள் மடியில் எடுத்து வைத்தது. அந்தக் கால் நகங்கள் இன்னும் வளைந்து விரலைத் தள்ளிக்கொண்டுதான் இருந்தன. அவள் அந்தக் காலை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். நகம் கண்ணாடி மாதிரித் தெளிந்திருந்தது. உள்ளே, பாதி நகம் வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு ஓடி நின்றது.

கோட்டுக்கு முன்னாலேயே, நெல்லளவு தள்ளி, நுனியை மட்டும் நறுக்கினாள்.

"வலிக்குதாடி?" என்று கேட்டாள்.

பதில் இல்லை. அடுத்த நகத்தைப் பிடித்தாள். "பூளை, வலிக்குதா?" அதற்கும் இல்லை. ஐந்து நகத்துக்கும் ஐந்து முறை கேட்டாள். அப்புறம் பூளை இருந்த ஏழு வருஷமும், பதினைந்து நாளைக்கு ஒரு தடவை நகம் பார்க்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள்.

அன்று முதல்தான் முயலின் நகத்துக்குள் சிவப்பு தெரிகிறது. கறுத்த நகமாக இருந்தால் பின்னால் விளக்கைப் பிடித்துப் பார்க்க வேண்டும்; அப்போதும் சந்தேகம் என்றால் நுனியோடு விட்டுவிட வேண்டும், கையருகே ஒரு சிட்டிகை மாவும் இருக்க வேண்டும். அன்று முதல்தான், முயலை மடியில் வைத்து நகம் வெட்டுகிறவர்கள், அதற்குப் பேச வராது என்று நன்றாகத் தெரிந்தும், ஒவ்வொரு நகத்துக்கும் நிறுத்தி, "வலிக்குதா? வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.