பாதியில் நின்ற பேச்சு

மலையடிவாரத்து மடம் ஒன்றில் திருவம்பலம் என்ற சீடர் இருந்தார். அவருடைய குரு சிவகாமி அம்மாள், அவரைவிட வயதில் இளையவர்.

அந்த ஐப்பசியில் மழை விடவில்லை. இன்னும் பெய்தால் ஏரிக்கரை தாங்காது என்றார்கள். கரைக்குக் கீழே குடியிருந்தவர்களோ வீட்டை விட்டு வர மறுத்தார்கள். மறுநாள் காலையில் அவர்களிடம் போய்ப் பேசும்படி திருவம்பலத்திடம் சொன்னார் குரு.

எங்கே குரலை உயர்த்துவது, எங்கே நிறுத்துவது, எப்போது கையை நீட்டுவது என்று திருவம்பலம் ஒத்திகை பார்த்தார். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. குருவிடம் போனார்.

"அம்மா, எல்லாம் மனப்பாடம். ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் இருக்கிறது. இயல்பாக வர என்ன செய்யட்டும்?"

"சொல்லுங்கள், கேட்கிறேன்."

திருவம்பலம் கண்ணைச் சுவரில் நிறுத்திப் பேசினார். ஒரு சொல்கூடப் பிசகவில்லை. முடித்துவிட்டுத் திரும்பினார். குருவின் பாய் காலியாக இருந்தது.

தண்ணீர்ச் செம்போடு சமையல்கட்டிலிருந்து வந்தார் குரு.

"எப்போது எழுந்து போனீர்கள்?"

"நீங்கள் ஆரம்பித்ததுமே."

திருவம்பலத்தின் முகம் சுண்டிப்போயிற்று.

"இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று எதிரே உட்கார்ந்தார் குரு. விளக்கேற்றும் வரை திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்.

மறுநாள் ரேஷன் கடை வாசலில் ஊர் கூடியது. திருவம்பலம் பேசினார். பாதிப் பேச்சில், முன்னால் நின்ற ஒரு பெண் தன் வீட்டையே திரும்பித் திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. பேச்சை நிறுத்தினார்.

"வீட்டில் யாரம்மா இருக்கிறார்கள்?"

"மாமியா படுத்த படுக்கையா கெடக்கு சாமி. அத விட்டுட்டு நான் மட்டும் வரவா?"

"கட்டிலோடு தூக்குவோம். ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன்."

கூட்டத்திலிருந்து சிலர் ஓடிவந்தார்கள். கட்டில் மேட்டைப் பார்த்து நகர்ந்ததும், மூட்டை முடிச்சோடு தெருவே பின்னால் கிளம்பியது.

பிற்பகலில் கரை உடைந்தது. கீழே ஒருவரும் இல்லை.

நனைந்த துணியோடு மடத்துக்கு வந்த திருவம்பலம் நடந்ததைச் சொன்னார். பிறகு கேட்டார்:

"பாதிப் பேச்சைச் சொல்லவே இல்லை, அம்மா. அத்தனை ஒத்திகையும் வீண்தானே?"

குரு உலர்ந்த துண்டை அவரிடம் நீட்டினார்.

"அடுத்த வார்த்தையைத் தேடிக்கொண்டு நின்றிருந்தால், அந்தப் பெண் திரும்பிப் பார்த்தது உங்கள் கண்ணில் பட்டிருக்குமா?"