குன்றடியில் தூங்கிய குரு

“களைப்பே வராம இருக்க ஒரு வழி சொல்லுங்க அம்மா,” என்று கேட்டாள் செண்பகவல்லி.

குமுதா அம்மா அவளைவிட வயதில் இளையவர். அவர்கள் குடியேறியிருந்த பாலைவன நகரத்தில், டயர் கடைக்குப் பின்னால் இருந்த ஒரு சிறிய வீட்டில் தியானம் சொல்லிக்கொடுத்துவந்தார்.

செண்பகவல்லியின் கணவர் பக்கவாதத்தில் விழுந்து வருஷங்கள் ஆகிவிட்டன. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் அவள்தான். முந்தின நாள் அவர் கஞ்சியைத் துப்பினார் என்று தோளைப் பிடித்து உலுக்கிவிட்டாள்.

“களைப்பு வந்தா கோபம் வருது. கோபம் வந்தா கை நீளுது. அந்தக் களைப்பே வரக் கூடாது.”

சொல்லும்போது அவள் அழவில்லை. அழக்கூடத் தெம்பில்லை என்றாள்.

 மறுநாள் காலை குன்றுக்கு வரச் சொன்னார் குமுதா அம்மா.

கணவருக்குத் துணையாக ஓர் ஆளை ஏற்பாடு செய்துவிட்டு வந்தாள் செண்பகவல்லி.

மலை என்று சொல்லும்படி அங்கே எதுவும் இல்லை. ஊர் நடுவே, வீடு கட்டவிடாமல் காத்துவரும் கள்ளிக்காடு. அதற்குள் பழுப்பு நிறத்தில் நாலு மொட்டைக் குன்றுகள். ஒன்றில் ஏறி இறங்கி, அடுத்ததில் ஏறி இறங்கி, அப்படியே சுற்றினால் வண்டி நிறுத்திய இடத்துக்கே வந்துவிடலாம்.

வழியில் ஏதாவது சொல்வார் என்று காத்துக்கொண்டே நடந்தாள்.

முதல் குன்றின் உச்சியில் குமுதா அம்மா உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அவ்வளவுதான்.

இரண்டாவதில் ஷூவைக் கழற்றிப் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டார். செண்பகவல்லி உட்காரவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். வெயில் அவர் முகத்தில் படாதபடி மறைத்து நின்றாள். கிளம்பும்போது அவருடைய பையையும் வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

மூன்றாவதில் ஏறி இறங்கியதும், “என்னால முடியலக்கா,” என்றார் குமுதா அம்மா. தன்னைவிட மூத்தவளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

“இன்னும் ஒண்ணுதானே இருக்கு.”

“இருக்கட்டும்.”

“உங்களுக்குமா களைப்பு வரும்?”

“வராம?”

செண்பகவல்லிக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. இவரிடம் போயா கேட்டோம் என்று தோன்றியது. எதையும் பாதியில் விட்டுப் பழக்கமில்லை என்று சொல்லி, பையை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுத் தனியாக ஏறினாள்.

ஏற்றத்தில் எங்கும் நிற்கவில்லை.

உச்சியில் ஒன்றும் இல்லை. நாலு பக்கமும் ஊர்தான். கூரைகள் எல்லாம் ஒரே மண் நிறம். தன் வீடு எது என்று தேடிப்பார்த்தாள். தெரியவில்லை. தெரியாதது கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி அவளைப் பயமுறுத்தியது. வந்த வழியே வேகமாக இறங்கினாள்.

கீழே, பாறை நிழலில் குமுதா அம்மா படுத்திருந்தார். தலைக்கடியில் பை. வாய் லேசாகத் திறந்திருந்தது. அசைவே இல்லை.

வீட்டில் ராத்திரி விழிப்பு வரும்போதெல்லாம் கணவரிடம் செய்வதைத்தான் செண்பகவல்லி இங்கேயும் செய்தாள். மண்டியிட்டு, விரலை அவர் மூக்கருகே கொண்டுபோனாள்.

“மூச்சு வருதுக்கா,” என்றார் குமுதா அம்மா, கண்ணைத் திறக்காமல்.

அவள் விரலை இழுத்துக்கொண்டாள். நேரமாகிவிட்டது, வீட்டில் அவர் தேடுவார், கிளம்பலாம் என்றாள்.

“அங்க ஆள் இருக்காங்கல்ல?”

“இருக்காங்க. இருந்தாலும்…”

குமுதா அம்மா எழுந்து உட்கார்ந்தார். பையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். தான் தலைவைத்த இடத்திலேயே பையைத் திரும்ப வைத்தார்.

“படுங்க. நான் முழிச்சிருக்கேன்.”

செண்பகவல்லி வெகுநேரம் நின்றாள். பிறகு ஷூவைக்கூடக் கழற்றாமல் படுத்தாள்.

தூக்கம் வருவதற்குள் ஒருமுறை கண்ணைத் திறந்து பார்த்தாள்.

குமுதா அம்மா விழித்திருந்தார்.