பூட்டிய வீட்டு மாப்பிள்ளை

ஏழரைப்பட்டி எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்காதீர்கள். வெளியூர் போன ஏழரைப்பட்டிக்காரர்களே திரும்பி வர வழி தெரியாமல் அங்கங்கே குடியேறியிருக்கிறார்கள்.

அந்த ஊர் சடையாண்டிக்கு ஒருவழியாகக் கல்யாணம் கூடி வந்தது. சுற்றுவட்டாரமே கைவிரித்த பிறகு வந்த சம்பந்தம். இதுவும் தவறினால் அவனுக்குக் கடைசிவரை பிரம்மச்சரியம்தான். பாவம், அது அவனுக்கே புரிந்திருந்தது.

முகூர்த்தத்தன்று அவன் அம்மா சீர்த்தட்டோடு பெண் ஊருக்கு முன்னதாகவே கிளம்பினாள். பையன் எங்காவது போய்விடக்கூடாதே என்று அவனை உள்ளே வைத்து வாசல் கதவைப் பூட்டினாள். சாவியை அவன் கூட்டாளிகள் ஒச்சப்பனிடமும் கட்டையனிடமும் கொடுத்து, நேரத்தோடு அழைத்து வரச் சொன்னாள். வீட்டின் பின்சுவர் போன மழையிலேயே விழுந்துவிட்டது. ஆனாலும் பூட்டு நல்ல பூட்டு.

இருவரும் வந்தார்கள். பூட்டைப் பார்த்ததும் ஒச்சப்பன் நின்றுவிட்டான். முந்தின வாரம்தான் ஒரு பூட்டிய வீட்டின் முன்னால் வெகுநேரம் காத்திருந்த அவர்களைத் தபால்காரர் திட்டியிருந்தார். வீடு பூட்டியிருந்தால் உள்ளே ஆள் இல்லை என்று அர்த்தம், இதைக்கூட ஊகிக்கத் தெரியாதா என்று கேட்டிருந்தார். அன்றிலிருந்து இருவரும் ஊகித்துக்கொண்டே இருந்தார்கள்.

"வீடு பூட்டியிருக்கு. அப்ப சடையாண்டி உள்ள இல்ல," என்றான் ஒச்சப்பன்.

ஜன்னலில் பட்டு வேட்டியோடு சடையாண்டி தெரிந்தான். "பூட்டியிருக்கா? நல்லாப் பாத்தியாடா?"

கட்டையன் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். சடையாண்டிக்கு முகம் வாடிப்போயிற்று. "முகூர்த்த நேரத்துல எங்கடா போனேன்? இருங்க, நானும் தேட வர்றேன்."

விழுந்த சுவரைத் தாண்டி வெளியே வந்தான். மூவரும் வழியெல்லாம் சடையாண்டி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

மாப்பிள்ளையைக் காணோம் என்றதும் அம்மா பதறினாள். பூட்டியது தான்தானே என்று ஒரு கணம் யோசித்தாள். பூட்டியதால்தானே பையன் இல்லாமல் போனான், திறந்துவிட்டால் இருப்பான் என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஊருக்கு ஓடினாள்.

பெண்ணின் அப்பா பொன்னுரங்கம் சடையாண்டியை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப இவரு யாரு?"

"இவனும் தேடத்தான் வந்திருக்கான்," என்றான் கட்டையன்.

பொன்னுரங்கம் விவரமான ஆள். முகூர்த்தம் முடியப்போகிறது. விவாதம் பண்ண நேரமில்லை. "மாப்பிள்ளை இல்லேன்னா போகட்டும். இவரே தாலி கட்டட்டும்," என்றார்.

சடையாண்டி மறுத்துப் பார்த்தான். அடுத்தவனுக்கு நிச்சயம் பண்ணின பெண் என்று கண் கலங்கினான். ஆனால் மணப்பெண் செம்பகம் அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். கட்டிவிட்டான்.

சாயங்காலம் பெண்ணும் மாப்பிள்ளையும் வீட்டுக்கு வந்தார்கள். வாசற்படியில் அம்மா நிம்மதியாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். கதவு விரியத் திறந்திருந்தது.

சடையாண்டி கதவைப் பார்த்தான். செம்பகத்தின் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"சத்தம் போடாம வா. கதவு திறந்திருக்கு, சடையாண்டி உள்ளதான் இருக்கான். அவனுக்குப் பாத்த பொண்ணை நான் கட்டிக்கிட்டேன்னு தெரிஞ்சா என்னைக் கொன்னுபோடுவான்."