ஐ.பி. கொடுக்க வக்கீல் தேடிய வேலாத்தாள்

கோர்ட்டு வீதியில் வக்கீல்களுக்குக் கறுப்புக் கவுன் தைத்து வந்த வேலாத்தாள் கடனில் மூழ்கிப்போனாள். ஐ.பி. கொடுக்க, அதாவது திவாலானதாக மனுப்போட, வக்கீல் தேடினாள். ஊரில் இருந்த பதினோரு வக்கீல்களும் அவளுக்குக் கடன் கொடுத்த கந்துவட்டிச் செங்கோடனுக்கு வேண்டியவர்கள். ஒருவரும் அவள் மனுவைத் தொடவில்லை. செங்கோடனோ அவளுடைய தையல் மிஷினையும் தூக்கிப் போய்விட்டான்.

அவனுடைய வக்கீல் திருமூர்த்தி வந்து நின்றார். "ஏம்மா, திங்கட்கிழமை புது ஜட்ஜ் வர்றாரு. என் கவுன் எங்கே?"

"துணி இங்க கெடக்குதுங்க. மிஷின் உங்க கட்சிக்காரர் ஊட்டுல கெடக்குது. கையில தெச்சா தீபாவளிக்குத் தர்றனுங்க."

கவுன் அவசரத்தில் அவருக்குப் படித்த சட்டம் ஞாபகம் வந்தது. "தொழில் செய்யிற கருவியைக் கடனுக்குத் தூக்கக் கூடாதே. போய்க் கேளு."

"நான் சொன்னா எடுபடுங்களா? நீங்களே எழுதிக் குடுத்துருங்க."

பெயர் அச்சடித்த தாளில் எழுதிக் கையெழுத்திட்டார். அதைச் செங்கோடனிடம் காட்டியதும் மிஷின் திரும்பி வந்தது.

திங்கட்கிழமை கோர்ட்டில் புது ஜட்ஜிடம் வேலாத்தாள் தானே மனுவை நீட்டினாள், அந்தத் தாளையும் சேர்த்து.

ஜட்ஜ் படித்துவிட்டு, "உங்க வக்கீல் யாரும்மா?" என்றார்.

"கையெழுத்துப் போட்டவர்தானுங்க. அதோ, புதுக் கவுன்ல நிக்கிறாரு."

கோர்ட்டே சிரித்தது. மனு ஏற்கப்பட்டது. அதன்பின் எந்த வக்கீலும் அவளிடம் கவுன் தைக்கக் கொடுக்கவில்லை.