முறுக்கிக்கிட்ட நரம்பு

கண்ணை மூடிக்கோ. மூடிக்கிட்டே ‘ம்’ போடு, சித்திக்கு அது போதும்.

ஒரு ஊர்ல ஒரு ஏரி. அங்க ஒரு திங்கக்கிழமை காலையில மணி அஞ்சே முக்கால். மழை இல்ல, காத்து இல்ல. தண்ணிக்கு மேல ஒரு சாண் உயரத்துக்குப் பனி மட்டும் படுத்திருந்துது.

“அஞ்சே முக்கால்னு யாரு பாத்தா சித்தி?”

பால் வண்டி வந்துது. அது அஞ்சே முக்காலுக்குத்தான் வரும். ம் சொல்லு.

“ம்.”

கரையில ஒரு புங்க மரம். அதுக்கு அடியில ஒரு சின்னப் படகு கவுந்து கெடந்துது. அதுக்குச் சொந்தக்காரங்க ரெண்டு பேரு. ஒருத்தி கொளஞ்சி. இன்னொருத்தி அவளோட அண்ணி பவுனம்மா. அண்ணன் வெளியூர் வேலைக்குப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு, அதுலேந்து படகைத் தண்ணியில எறக்க ஆளில்ல. அப்போ பவுனம்மா சொன்னா:

“புதன்கிழமை சாயங்காலம் எங்கம்மா வீட்டுலேந்து ஆறு வாத்து வருது. இந்தப் படகுதான் அதுங்களுக்கு வீடு. கவுந்தே கெடக்கு, பாதி வேலை முடிஞ்சுது. பக்கப் பலகையில ஒரு வாசல் அறுத்துட்டா மீதியும் முடிஞ்சுது.”

கொளஞ்சி படகு மேல கையை வெச்சுக்கிட்டா. “அறுத்துட்டா அப்புறம் மிதக்காதே அண்ணி.”

“இப்ப மட்டும் மிதந்து எங்கயோ போவுதாக்கும்.”

“நான் இதுல போய் மீன் புடிச்சிட்டு வந்தா?”

பவுனம்மா யோசிச்சா. “சரி. வாத்து வர்றதுக்குள்ள ஒரு மீன். வந்தா படகு படகாவே இருக்கட்டும். வரலைன்னா நான் ரம்பத்தை எடுப்பேன்.”

அந்த ஏரியில வாளை மீன் உண்டு. பெரிய வாய், பெரிய ஆசை. பளபளன்னு எது ஓடினாலும் துரத்தும். அதனால கொளஞ்சி ஒரு சின்னக் கரண்டியை எடுத்தா. காம்பை நறுக்குனா. ரெண்டு முனையிலயும் ஓட்டை போட்டு, ஒண்ணுல தூண்டில் முள்ளு, இன்னொண்ணுல நரம்பு கட்டினா. நரம்புன்னா நைலான் இழை, மீன் புடிக்கிறவங்க அப்படித்தான் சொல்வாங்க. படகை மெதுவாத் தள்ளிக்கிட்டே போனா, தூரத்துல பின்னாடியே கரண்டி தண்ணிக்குள்ள மினுக்கு மினுக்குன்னு வரும்.

“அது சாப்பிடுற கரண்டியா?”

ரசக் கரண்டி. பவுனம்மாகிட்ட சொல்லிடாதே.

முதல் நாள் எறங்கினா. துடுப்பு சலக், சலக். கொஞ்ச நேரத்துல கால்கிட்ட களுக், களுக். குனிஞ்சு பாத்தா கணுக்கால் வரைக்கும் தண்ணி! அள்ளி அள்ளி ஊத்திக்கிட்டே கரைக்கு வந்து சேந்தா.

எங்க ஒழுகுதுன்னு உள்ளேயிருந்து பாத்தாத் தெரியல. அப்போ அவளுக்கு ஒண்ணு தோணுச்சு. தண்ணி உள்ள வர்ற வழியில வெளியவும் போகும்ல? படகை ரெண்டு கட்டை மேல நிமித்தி வெச்சா, அதுக்குள்ளயே எட்டுக் குடம் தண்ணி ஊத்தினா. அப்புறம் அடியில படுத்துக்கிட்டுப் பாத்தா. சொட். இங்க ஒண்ணு. சொட். அங்க ஒண்ணு. சொட்டுற எடத்துக்கெல்லாம் சுண்ணாம்புல பொட்டு வெச்சா. மொத்தம் பதினொரு பொட்டு. தண்ணியைக் கொட்டி, வெயில்ல காய வெச்சு, ஒவ்வொரு பொட்டுலயும் பஞ்சைத் திணிச்சு, குங்கிலியப் பிசினை எண்ணெயில காய்ச்சிப் பூசினா. ம்?

“ம்.”

ரெண்டாம் நாள் எறங்கினா. ஒரு சொட்டு ஒழுகல. போறா, போறா, போறா... வெடுக்! நரம்பு கையை இழுத்துது. இவளும் இழுத்தா. வழுக்! மீன் போயிடுச்சு. இன்னொரு தடவை வெடுக், இன்னொரு தடவை வழுக்.

கரையில பவுனம்மா கேட்டா, “மீன் எங்கம்மா?”

“வந்துது அண்ணி, போயிடுச்சு.”

“விருந்தாளியா அது, வந்துட்டுப் போறதுக்கு?”

கொளஞ்சி முள்ளோட முனையைக் கட்டை விரல் நகத்து மேல வெச்சு லேசா இழுத்தா. கூரான முள்ளு நகத்துல ஒட்டிக்கும். இது சறுக்கிட்டுப் போச்சு. ரெண்டு வருஷத் துரு. உக்காந்து அரத்தால சர்ர்ரக், சர்ர்ரக். நகத்துல ஒட்டுற வரைக்கும் விடல.

மூணாம் நாள், புதன்கிழமை. படகு ஒழுகல, முள்ளு கூரா இருக்கு. ஆனா நரம்பு? ரெண்டு நாளா கரண்டி தண்ணிக்குள்ள சுத்திக்கிட்டே வந்திருக்கு. அது சுத்தச் சுத்த நரம்புல முறுக்கு ஏறிடுச்சு. கொஞ்சம் தளத்தி விட்டாப் போதும், சுருட்டுன்னு சுருண்டு இடியாப்பம் மாதிரி ஆயிடுது.

“திங்கிற முறுக்கா சித்தி?”

அதையும் சுத்தித்தானே புழியிறோம்? அதனாலதான் அந்தப் பேரு. இது திங்க முடியாத முறுக்கு.

சிக்கெடுத்தா, சிக்கெடுத்தா, மத்தியானம் ஆயிடுச்சு. ஒரு சிக்கு எடுத்தா ரெண்டு சிக்கு விழுது. அழுகை வந்துது. அப்போ பக்கத்து வீட்டுப் புள்ளைங்க ஊஞ்சலை முறுக்கிக்கிட்டு இருந்துதுங்க. முறுக்கி முறுக்கிக் கையை விட்டுச்சுங்க. கிர்ர்ர்ருன்னு ஊஞ்சல் தானாவே பிரிஞ்சு நின்னுது.

யாரு பிரிச்சா? யாரும் பிரிக்கல. விட்டாங்க, அவ்வளவுதான்.

உடனே கொளஞ்சி கரண்டியைக் கழட்டினா, முள்ளைக் கழட்டினா. வெறும் நரம்பை மட்டும் தண்ணியில நீளமா விட்டுட்டு, படகைத் தள்ளிக்கிட்டு ஏரி நடுவுக்குப் போனா.

பவுனம்மா கரையில நின்னு இடுப்புல கை வெச்சுக்கிட்டா. “ஏண்டி, நூலைப் போட்டா மீன் வந்து கட்டிக்கிட்டு வருமா?”

இவ துடுப்பைப் போட்டா. சலக், சலக். போயிட்டுத் திரும்பி வந்தா, நரம்பு நேரா, சீவி விட்ட தலைமுடி மாதிரி இருந்துது. முனையை யாரும் புடிச்சுக்கல, தண்ணி மெதுவாப் பிரிச்சு விட்டுடுச்சு.

“ஆனா கரண்டியைக் கட்டினா மறுபடியும் சுத்துமே?”

அட, நீ தூங்கலையா? அதையேதான் கொளஞ்சியும் யோசிச்சா. யோசிச்சுக்கிட்டே அண்ணியைப் பாத்தா. அண்ணி இடுப்புல சாவிக்கொத்து. அவ திரும்பினா சாவியெல்லாம் சுத்துது, மேல இருக்கிற கொக்கி மட்டும் சுத்தல. நடுவுல ஒரு குட்டிப் பித்தளை உருளை. சுத்தலை எல்லாம் அதுவே வாங்கிக்குது.

“அண்ணி, அந்த உருளையைத் தரீங்களா?”

பவுனம்மாவுக்குப் புரிஞ்சுடுச்சு. குடுத்தா மீன் வந்துடும், படகு படகாவே இருந்துடும், குடுக்கலைன்னா வாத்துக்கு வீடு. சாவியைக் கையில வெச்சுக்கிட்டு ஒரு சுத்து விட்டா. இன்னொரு சுத்து விட்டா. அது எப்படிச் சுத்தும், எப்படி நிக்கும்னு அவளுக்கே பாக்கணும் போல ஆயிடுச்சு. சாவியைக் கழட்டி முந்தானையில முடிஞ்சா.

“நானும் வரேன். என் உருளை பத்திரமா வரணும்ல?”

கரண்டிக்கு ஒரு முழம் முன்னாடி உருளையைக் கட்டினாங்க. பவுனம்மா துடுப்புப் போட்டா.

“மெதுவா அண்ணி, பந்தயமா ஓடுறோம்?”

“எனக்குத் தெரியும், நீ நரம்பைப் பாரு... ஏண்டி, இது என் ரசக் கரண்டி இல்ல?”

வெடுக்!

இந்தத் தடவை வழுக்கல. ரெண்டு பேருமா இழுத்தாங்க. படகுக்குள்ள தொப்! கை நீளத்துக்கு ஒரு வாளை, வாய்ல ரசக் கரண்டியோட. படகு கரையைத் தொட்டப்போ, அந்தப் பக்கம் கூடைக்குள்ள க்வாக், க்வாக்.

ம் சொல்லு... ம்?

சரி, மறுநாள் காலையில நடந்ததை மட்டும் சொல்லிடுறேன்.

மணி அஞ்சே முக்கால், பால் வண்டி வந்துது. கொளஞ்சி கரைக்கு வந்தா, படகைக் காணோம். பவுனம்மா நாலரைக்கே எறக்கிக்கிட்டுப் போயிட்டா. கொளஞ்சி சிரிச்சுக்கிட்டே புங்க மரத்தடியில உக்காந்து, பழைய மீன் கூடையை எல்லாம் சேத்துக் கட்டி வாத்துக்கு வீடு செஞ்சா. ஆனா அந்த ஆறு வாத்தும் வீட்டுக்குள்ள போகல. பவுனம்மா படகுக்குப் பின்னாடியே, நரம்பும் இல்லாம முள்ளும் இல்லாம, ஒண்ணு பின்னாடி ஒண்ணா, நேரா, ஒரு முறுக்கும் விழாமப் போச்சு.

கதையும் அதுங்க பின்னாடியே போயிடுச்சு. நீயும் போ, கண்ணு. இனி ம் போட வேணாம்.